எழுதாததும் சைபரும்

2019 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அப்பால் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிசனுக்காகச் சிறிய பைத்தன் நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். கொழுந்து மடுவத்தில் காலை, பகல், பின்னேரம் என்று மூன்று முறை நிறுக்கும் கிலோக்களைக் கணக்கப்பிள்ளை தாளில் குறித்துக்கொள்வார். பின்னேரம் காரியாலயத்தில் அவற்றை ஓர் அட்டவணைக் கோப்பில் பதிவார்கள். மாத முடிவில் என் நிரல் அந்தக் கோப்பைப் படித்து, ஆளுக்கு எத்தனை பேர், எத்தனை அரைப்பேர், நோமுக்கு மேல் எத்தனை கிலோ என்று கூட்டி, செக்ரோல் எனப்படும் சம்பளப் பதிவேட்டுக்கு வேண்டிய வடிவத்தில் கொடுக்கும். மலையகத்துக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் ஒரு நாள் முழுச் சம்பளத்துக்குரிய வேலையை ‘ஒரு பேர்’ என்பார்கள். அன்றைக்குக் குறித்த கிலோவை ‘நோம்’ என்பார்கள்; அது வராவிட்டால் அந்த நாள் அரைப்பேராகிவிடும்.

இரண்டாம் மாதச் சம்பளம் போட்ட மறுநாள், பக்கத்து லயத்து அக்கா ஒருவர் சம்பளத் துண்டோடு எங்கள் வாசலுக்கு வந்தார். அவருக்கு நான்கு நாட்கள் அரைப்பேர் விழுந்திருந்தது. “தம்பி, அந்த நாலு நாளும் நான் கொழுந்துக்கே போகல. நாற்றுமேடையில மண் பை அடுக்கிக்கிட்டு இருந்தேன். தாளுல ஒண்ணுமே எழுதாத இடத்துல நீ எப்புடி சைபர் போட்ட?” என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. அது எப்படி நடக்கக்கூடும் என்று தெரிந்துகொள்ளவே கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. நான்கு அரை நாள் சம்பளத்தை அடுத்த மாதம் சேர்த்துக் கொடுக்க முடிந்தது என்றாலும், அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. வகைச் சரிபார்ப்புக் கருவிகள் பக்கம் நான் திரும்பியது அதனால்தான்.

அன்றிரவு நிரலைத் திறந்து பார்த்தபோது தவறு ஒரே வரியில் இருந்தது. கோப்பில் கட்டம் காலியாக இருந்தால் அதைச் சைபராக எடுத்துக்கொள் என்று நான் எழுதியிருந்தேன். அப்படி எழுதாவிட்டால் காலியான எழுத்துச் சரத்தை எண்ணாக மாற்றும்போது நிரல் நின்றுவிடும். நிரல் நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காகவே அந்த வரியைச் சேர்த்திருந்தேன். ‘நிறுக்கவில்லை’ என்பதும் ‘நிறுத்தபோது ஒன்றும் இல்லை’ என்பதும் வெவ்வேறு செய்திகள் என்பதை அந்த வரியை எழுதிய இரண்டு நிமிடங்களில் நான் நினைத்துப் பார்க்கவில்லை. மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நிற்கும் எவருக்கும் அந்த வேறுபாடு சொல்லாமலே தெரியும்.

பைத்தனில் மாறி ஒன்றுக்கு இன்ன வகை என்று எழுதிவைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு பெயரில் இப்போது எண் இருக்கலாம், அடுத்த வரியில் சரம் இருக்கலாம், அதற்கடுத்த வரியில் ‘நன்’ எனப்படும் வெறுமை மதிப்பு இருக்கலாம். நிரல் ஓடி அந்த வரியை அடையும்வரை எவரும் கேட்கமாட்டார்கள். உயர்தர வகுப்பு மாணவர்கள் பைத்தனை விரைவாகக் கற்றுக்கொள்ள இந்தத் தளர்வு உதவுகிறது. ஆனால் மாதம் ஒரு முறை மட்டும் ஓடி, மற்றவர்களின் சம்பளத்தைத் தீர்மானிக்கும் நிரலில், தவறு வெளிப்படும் இடம் சம்பளத் துண்டாக இருக்கும். நிரலை ஓட்டாமலே அதன் வரிகளைப் படித்து, எந்த இடத்தில் எந்த வகை மதிப்பு வரக்கூடும் என்று கணித்து, பொருந்தாத இடங்களைக் காட்டும் வேலையைத்தான் வகைச் சரிபார்ப்புக் கருவிகள் செய்கின்றன.

நான் முதலில் நிறுவியது மைபை. அதை முதல்முறை என் நிரலின்மீது ஓட்டியபோது, குறை எதுவும் இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்த வரியை நம்பிப் படுக்கப் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. வகைக் குறிப்பு எழுதப்படாத சார்புகளின் (நிரலில் ஒரு வேலையைச் செய்யும் தனிப் பகுதிகளின்) உள்ளே மைபை வழக்கத்தில் நுழைந்து பார்ப்பதில்லை என்பதை மறுநாள் ஆவணத்தைப் படித்தபோது தெரிந்துகொண்டேன். என் நிரலில் ஒரு குறிப்பும் இல்லை. ஆகவே அது பார்த்ததும் ஒன்றும் இல்லை. புதிதாகத் தொடங்குகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: குறிப்பில்லாத சார்புகளையும் சரிபார் என்ற தெரிவையாவது முதல் நாளே இயக்கிவிட வேண்டும், முடிந்தால் கண்டிப்பு நிலையையே இயக்கிவிட வேண்டும்.

பிறகு ஒவ்வொரு சார்புக்கும் குறிப்பு எழுதத் தொடங்கினேன். கட்டத்தைப் படிக்கும் சார்பு எதை உள்வாங்குகிறது என்பதை எழுதிவிட்டேன்: ஒரு சரம். எதைத் திருப்பிக் கொடுக்கிறது என்று எழுத வேண்டிய இடத்தில் கை நின்றது. நிறைவெண் என்று எழுதினால் மைபை அதை மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் காலிக் கட்டத்தையும் நான்தான் சைபராக்கி வைத்திருக்கிறேனே. இதை நான் மறைக்க விரும்பவில்லை. என் தவறைக் கருவி தானாகக் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடித்திருக்கவும் முடியாது. சைபரும் நிறைவெண், பதினெட்டும் நிறைவெண். ஆனால் ‘இந்தச் சார்பு உண்மையில் எதைத் தருகிறது’ என்று எழுத்தில் பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு அது என்னைக் கொண்டுவந்து நிறுத்தியது. அக்காவின் கேள்வியும் அதுதான். ‘நிறைவெண் அல்லது வெறுமை’ என்று எழுதி, சைபராக்கும் அந்த வரியையும் எடுத்துவிட்டு மீண்டும் ஓட்டினேன். இப்போது 11 இடங்களில் குறை காட்டியது. கூட்டல் செய்யும் இடம், சராசரி எடுக்கும் இடம், நோமோடு ஒப்பிடும் இடம், துண்டை அச்சிடும் இடம் என ஒவ்வொன்றிலும், இங்கே வெறுமை வந்தால் என்ன செய்யப் போகிறாய் என்ற கேள்வியே இருந்தது. நோமோடு ஒப்பிடும் இடம் ஏழாவதாக வந்தது. அரைப்பேர் அங்கேதான் விழுந்தது.

அந்த 11 இடங்களையும் சரிசெய்யும்போது கருவியின் இன்னொரு நுணுக்கத்தைப் பார்த்தேன். மதிப்பு வெறுமையா என்று ஒரு நிபந்தனையில் கேட்டு, ஆம் என்றால் அங்கேயே திரும்பிவிடும்படி எழுதினால், அந்த நிபந்தனைக்குக் கீழே உள்ள வரிகளில் அதே மாறியை மைபை நிறைவெண்ணாக மட்டும் கருதுகிறது. நாம் கேட்ட கேள்வியை அது நினைவில் வைத்திருக்கிறது. ஒரு வரியில் ‘இதன் வகையைக் காட்டு’ என்ற கட்டளையை இட்டு, அதே கட்டளையை இரண்டு வரி கீழே மீண்டும் இட்டுப் பார்த்தால் வகை குறுகியிருப்பதைக் கண்ணால் காணலாம். கற்பிக்கும்போது நான் எப்போதும் இதைச் செய்து காட்டுகிறேன். வகை என்பது நிரலில் ஒட்டிய விலைத்துண்டு என்ற எண்ணம் போய், அது வரிக்கு வரி நகர்ந்துகொண்டிருக்கும் ஒரு கணிப்பு என்பது மாணவர்களுக்கு அந்த இடத்தில்தான் பிடிபடுகிறது.

வெறுமை பற்றிய சிக்கல் என்னோடு தொடங்கியதல்ல. 1965 இல் அல்கால் டபிள்யூ மொழிக்காக, எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டியை அறிமுகப்படுத்திய டோனி ஹோர், 2009 இல் ஆற்றிய உரையில் அதைத் தமது நூறு கோடி டொலர் தவறு என்று குறிப்பிட்டார். மைபை தன் தொடக்க ஆண்டுகளில் எந்த வகையிலும் வெறுமை ஒளிந்திருக்கலாம் என்று விட்டுவைத்திருந்தது. வெறுமையைத் தனியாக அறிவிக்கச் சொல்லும் கண்டிப்பு 2018 இல்தான் வழக்க நிலையானது. டைப்ஸ்கிரிப்ட் என்ற மொழியிலும் அந்தக் கண்டிப்பு 2016 இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் சேர்ந்தது, அதுவும் நாமாக இயக்கிக்கொள்ள வேண்டிய தெரிவாக.

மைபையின் வரலாறு எனக்குப் பிடித்தமானது. ஜுக்கா லெடோசாலோ கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த காலத்தில், பைத்தனைப் போன்ற, ஆனால் வகைகள் கொண்ட ஒரு தனி மொழியாகவே அதைத் தொடங்கினார். 2013 இல் பைக்கான் மாநாட்டில் பைத்தனின் படைப்பாளர் கைடோ வான் ரோசமோடு பேசிய பிறகு, தனி மொழி என்ற எண்ணத்தைக் கைவிட்டு, பைத்தன் 3 இல் ஏற்கெனவே இருந்த குறிப்பு இலக்கணத்தையே எடுத்துக்கொண்டார். அதிலிருந்து பிறந்த பெப் 484 என்ற முன்மொழிவு 2015 இல் பைத்தன் 3.5 உடன் நடைமுறைக்கு வந்தது. மொழியையே மாற்றிவிடாமல், வேண்டியவர் வேண்டிய அளவுக்கு வகைகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற கோட்பாட்டை ஜெரமி சீக்கும் வாலித் தாகாவும் 2006 இலேயே ஆய்வுக் கட்டுரையாக எழுதியிருந்தார்கள். பைத்தன் நிரலை ஓட்டும்போது இந்தக் குறிப்புகளைப் பொருட்படுத்துவதில்லை. எல்லாக் குறிப்புகளையும் அழித்தாலும் என் நிரல் அதே விடையைத்தான் தரும். அரைகுறையாகக் குறிப்பு எழுதிய நிரலையும் மாதக் கடைசியில் ஓட்ட முடிந்ததற்கு இதுவே காரணம். முழுவதையும் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தால் சம்பள நாள் தாண்டியிருக்கும்.

இரண்டாவது கற்றல் அடையாள அட்டை இலக்கத்தில் கிடைத்தது. இலங்கையின் பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் வீ அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016 முதல் வழங்கப்படும் புதிய அட்டையில் 12 இலக்கங்கள். நான் அந்த எழுத்தை வெட்டி எறிந்துவிட்டு, இலக்கத்தை நிறைவெண்ணாகச் சேமித்து, ஆட்களை அதைக் கொண்டே அடையாளம் கண்டுகொண்டிருந்தேன். அட்டை இல்லாதவர்களுக்கு, மறுபடியும், சைபர். குறிப்பு எழுதும் வேலை அந்தச் சார்பை அடைந்தபோதுதான் விளைவை உணர்ந்தேன்: அட்டை இல்லாத இருவர் ஒரே டிவிசனில் இருந்தால், சாவியைக் கொண்டு மதிப்பைத் தேடும் பைத்தனின் ‘அகராதி’யில் இருவரும் சைபர் என்ற ஒரே சாவிக்குக் கீழ் வந்து, ஒருவருடைய கணக்கு மற்றவருடையதை அழித்துவிடும். நல்ல வேளையாக அந்த டிவிசனில் அப்போது அட்டை இல்லாதவர் ஒருவர்தான் இருந்தார்.

அட்டை இல்லாதவர் இருப்பாரா என்று கொழும்பில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் கேட்டார். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் எங்கள் மக்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். 1964 இல், அவர்களை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொள்ளும் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் நிறைவேறியது. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல், அட்டை எடுக்க முடியாமல் காலத்தைக் கழித்த முதியவர்கள் எங்கள் லயங்களில் இருந்திருக்கிறார்கள். ‘எல்லோருக்கும் அட்டை இலக்கம் உண்டு’ என்று ஒரு நிரலின் வகையில் எழுதினால், அந்த நிரலில் அவர்களுக்கு இடம் இல்லை என்று பொருள். நான் அதைச் ‘சரம் அல்லது வெறுமை’ என்று மாற்றி, ஆளை அடையாளம் காண்பதற்குத் தோட்டத்துச் செக்ரோல் இலக்கத்தை எடுத்துக்கொண்டேன். அந்த இலக்கத்தைக் கூட்டவோ பெருக்கவோ எவருக்கும் தேவை வராது என்பதால் அதுவும் சரம்தான்.

கிலோவும் ரூபாயும் கலந்துவிடாமல் இருக்கப் புதிய வகைப் பெயர்களை உருவாக்கினேன். பைத்தன் 3 இல் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம் என்பதால் அவற்றுக்குக் கிலோ, ரூபாய் என்றே பெயரிட்டேன். மைபையும் அவற்றைத் தயக்கமின்றிப் படிக்கிறது. ஆனால் இங்கே ஓர் ஓட்டை உண்டு. இரண்டும் அடியில் நிறைவெண்கள் என்பதால், கிலோவையும் ரூபாயையும் கூட்டினால் கருவி தடுக்காது, விடையை வெறும் நிறைவெண் என்று எடுத்துக்கொள்ளும். அந்த விடையை ரூபாய் கேட்கும் சார்புக்குக் கொடுக்க முயலும்போதுதான் மறுக்கும். அதாவது தவறு நடந்த வரியில் இல்லாமல் அதற்கு அடுத்த வாசலில் பிடிபடும். எல்லா வாசல்களிலும் குறிப்பு எழுதியிருந்தால் மட்டுமே இந்தப் பாதுகாப்பு கிடைக்கிறது. ஓரிடத்தில் ‘எனி’ என்ற எதையும் ஏற்கும் வகையை வைத்துவிட்டால், அதைத் தொட்டு வரும் மதிப்புகளெல்லாம் சோதனைக்கு வெளியே போய்விடுகின்றன. ‘எனி’யை நான் ஒரு பாவமாகக் கருதவில்லை. பழைய நிரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்த அது இல்லாமல் முடியாது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கோப்பில் வரும் தரவைக் கருவி பார்ப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கணக்கப்பிள்ளை 18 ஐ 81 என்று எழுதினால் எந்த வகைச் சரிபார்ப்பும் அதைக் காட்டாது. அதற்குத் தரவு உள்ளே வரும் இடத்தில் தனிச் சோதனை வேண்டும்.

இந்தக் கருவிகள் திறந்த மூலமாக இருப்பது எங்களைப் போன்றவர்களுக்கு என்ன தருகிறது என்று பலர் விலையை மட்டும் வைத்துப் பேசுகிறார்கள். விலை முக்கியம்தான். அப்போது என்னிடம் இருந்த நான்கு ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினியில், டிராப்பாக்ஸ் நிறுவனம் தன் 40 இலட்சம் வரிப் பைத்தன் நிரலைச் சோதித்த அதே மைபையை, எவரிடமும் உரிமம் கேட்காமல் ஓட்டினேன். ஒருமுறை நிறுவிய பிறகு இணையமும் தேவைப்படவில்லை. 2022 இன் மின்வெட்டு நாட்களில், மின்கலத்தில் எஞ்சிய ஒரு மணி நேரத்தில் வேலை செய்து முடித்ததெல்லாம் அதனால்தான். ஆனால் எனக்கு விலையைவிடப் பெரிதாகத் தெரிவது, கருவி சொல்வது தவறு என்று தோன்றினால் அது ஏன் அப்படிச் சொல்கிறது என்று உள்ளே போய்ப் படிக்க முடிவது.

அப்படி ஒருமுறை படிக்க வேண்டி வந்தது. வகைக் குறிப்பே இல்லாத வெளி நூலகங்களுக்காக, அவற்றின் சார்புகளின் வகைகளை மட்டும் எழுதிவைத்த ஸ்டப் கோப்புகளின் பொதுக் களஞ்சியம் டைப்ஷெட். மைபையும், அதைப் போன்ற இன்னொரு கருவியான பைரைட்டும் அதையே நம்பியிருக்கின்றன. நான் பயன்படுத்திய சிறிய நூலகம் ஒன்றின் சார்பு, ஒரு நிலையில் வெறுமையைத் திருப்பிக் கொடுத்தது. ஸ்டப் கோப்பிலோ அது எப்போதும் சரம் தரும் என்று இருந்தது. கோப்பைத் திறந்தால் பைத்தனில் எழுதிய ஒற்றை வரி. அதில் ‘அல்லது வெறுமை’ என்று சேர்த்து, கைபேசியின் இணையத்தைப் பகிர்ந்துகொண்டு, திருத்தத்தை அனுப்பினேன். இரண்டு நாளில், நூலகத்தின் எந்த வரியில் வெறுமை வருகிறது என்று காட்டும்படி ஒருவர் கேட்டார். நான் யார், எங்கிருந்து எழுதுகிறேன் என்று கேட்கவில்லை. வரியைக் காட்டினேன், சேர்த்துக்கொண்டார்கள். அந்த நூலகத்தைப் பயன்படுத்தும் எவருக்கும் இப்போது அந்த எச்சரிக்கை கிடைக்கிறது.

திறந்த மூலம் என்ற பெயருக்கு அருகில் நிற்கும் எல்லாமே திறந்தவை அல்ல. மைக்ரோசாப்ட் 2019 இல் வெளியிட்ட பைரைட் எம்ஐடி உரிமத்தில் உள்ள திறந்த மூலக் கருவி. ஆனால் விஎஸ் கோட் என்ற நிரல் எழுதும் மென்பொருளில் பலர் பயன்படுத்தும் பைலான்ஸ் அதன்மேல் கட்டப்பட்ட மூடிய மென்பொருள். மாணவர்களுக்கு நான் பைரைட்டையே நிறுவிக் கொடுக்கிறேன். மைபை போலன்றி அது குறிப்பில்லாத சார்புகளின் உள்ளேயும் வழக்கத்தில் பார்க்கும், திரும்பும் வகையையும் தானே ஊகிக்கும் என்பதால் தொடக்கநிலையினருக்கு அதுவே நல்லது என்பது என் கருத்து. 2025 இல் மெட்டாவின் பைரெஃப்ளையும் அஸ்ட்ரல் நிறுவனத்தின் டீ-வையும் வந்தன. இரண்டும் ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டவை, இரண்டும் திறந்தவை. பழைய கணினி வைத்திருப்பவருக்கு அவற்றின் வேகம் உண்மையான உதவி. ஆனாலும் ஒரே நிரலுக்கு நான்கு கருவிகளும் எல்லா இடத்திலும் ஒரே பதிலைச் சொல்வதில்லை. ஆகவே சம்பள நிரலுக்கு நான் இன்னும் மைபையையே நீதிபதியாக வைத்திருக்கிறேன்.

நம் நாட்டிலிருந்தும் இந்தத் துறைக்கு ஒன்று போயிருக்கிறது. இலங்கையில் தொடங்கப்பட்ட டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் உருவாக்கிய பாலரினா மொழி திறந்த மூலமானது. அதன் வகை அமைப்பு, ஒரு வகை என்பது மதிப்புகளின் ஒரு கணம் என்ற எண்ணத்தின்மேல் கட்டப்பட்டது. கணக்குப் பாடத்தில் கணங்களைப் படித்த பிள்ளைக்கு, ‘நிறைவெண் அல்லது வெறுமை’ என்பது இரண்டு கணங்களின் ஒன்றிப்பு என்று சொன்னால் வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை. பைத்தன் வகுப்பிலும் நான் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

திருத்திய நிரலின் முதல் மாதத் துண்டை அக்காவிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கொழுந்துக்குப் போகாத நாட்களில் ஒரு கோடு மட்டும் அச்சாகியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, “கோடு போட்டா நான் வேலைக்கு வரலைன்னு ஆயிராதா தம்பி?” என்றார். அவர் கேட்டது சரி. வெறுமை என்ற ஒரே சொல் பல காரணங்களை மூடிவைத்திருந்தது. ஆகவே வெறுமையை எடுத்துவிட்டு, ‘வேறு வேலை’, ‘லீவு’, ‘நிறுவை தவறியது’ என்ற மூன்று காரணங்கள் கொண்ட ஒரு வகையை உருவாக்கினேன். இப்போது ஒரு கட்டத்தில் இருப்பது கிலோ அல்லது அந்த மூன்றில் ஒன்று. பைத்தன் 3.11 இலிருந்து, நிரல் இந்த இடத்துக்கு ஒருபோதும் வராது என்று அறிவிக்க ஒரு சார்பு இருக்கிறது. காரணங்களைப் பிரித்துப் பார்க்கும் ஒவ்வொரு இடத்தின் முடிவிலும் அதை வைத்தால், எந்தக் காரணத்தையாவது கவனிக்காமல் விட்டிருந்தால் மைபை அந்த இடத்தைச் சிவப்பில் காட்டும்.

போன வாரம் நான்காவது காரணம் ஒன்று வந்தது. கடும் மழையில் பகல் நிறுவையோடு வேலையை நிறுத்திய நாட்களுக்கு ஒரு குறி வேண்டும் என்று காரியாலயத்தில் கேட்டார்கள். ‘மழை’ என்ற சொல்லை அந்த வகையில் சேர்த்தவுடன் மூன்று இடங்கள் சிவப்பாயின. துண்டு அச்சிடும் இடத்தையும் மாதக் கூட்டலையும் அன்றிரவே எழுதிவிட்டேன். மூன்றாவது, அந்த நாளை முழுப்பேராக எடுப்பதா அரைப்பேராக எடுப்பதா என்று தீர்மானிக்கும் இடம். அதற்கு ஏதாவது ஒரு விடையை எழுதிவிட்டால் சிவப்பு மறைந்துவிடும், நிரலும் ஓடும். எழுதவில்லை. திங்கட்கிழமை காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்குப் போய்க் கணக்கப்பிள்ளையிடமும் அக்காவிடமும் கேட்டுவிட்டு வந்துதான் அந்த வரியை எழுத வேண்டும்.